வாசலைக் கடந்த பின்பும் வழிகாட்டல் வேண்டும்

கல்வியைத் தலையாய செல்வமாகப் போற்றும் மக்கள் நாம் என்பதில் எமக்கு என்றும் பெருமை உண்டு. அப்பெருமை வெறும் வாய்ச்சொல் அன்று. நோர்வேயில் பிறந்து வளர்ந்த, இலங்கைப் பின்னணி கொண்ட இளையோர் உயர்கல்வியில் சேரும் வீதம் இந்நாட்டின் பொதுச் சராசரியிலும் உயர்ந்தது என்பதை நோர்வே அரச புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குகள் காட்டி வந்துள்ளன. ஒவ்வோர் ஆண்டும் யூலை 20ஆம் நாளையொட்டி உயர்கல்வி அனுமதி முடிவுகள் வெளியாகும்போது ஒஸ்லோத் தமிழர் இல்லங்களில் தொலைபேசி ஓய்வதில்லை. எந்தப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைத்தது, எந்தப் பிள்ளைக்குப் பொறியியல் கிடைத்தது என்ற செய்தி ஓரிரு நாட்களுக்குள் ஸ்தோவ்னரிலிருந்து லோரன்ஸ்கூக் வரை பரவிவிடுகிறது.

இந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அதே பிள்ளை முதலாவது அரையாண்டுப் பரீட்சையை எழுதி முடித்தபின் வரும் தை மாதத்தில் எவ்வாறு இருக்கிறது என்று கேட்போர் எம்மில் எத்தனை பேர்? பல்கலைக்கழக வாசலைக் கடப்பதற்கு எம் பிள்ளைகளுக்கு ஆயிரம் கைகள் உதவுகின்றன. வாசலைக் கடந்த பின்னர் அவர்களுக்கு உதவுவதற்கென்றே பல்கலைக்கழகம் அமைத்து வைத்திருக்கும் ஆலோசனைச் சேவைகளைப் பற்றியோ எமது வீடுகளில் பேச்சே எழுவதில்லை. அப்பேச்சை இம்மலரின் வழியாகத் தொடக்கி வைக்க விரும்புகிறோம்.

வாசல் ஒடுங்கியிருந்த காலம்

எம் பெற்றோர் தலைமுறையினர் அனுமதியையே கல்வியின் சிகரமாகக் கருதுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இலங்கையில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் தகுதியெல்லையாக வகுக்கப்பட்டன. தொடர்ந்து வந்த தரப்படுத்தலும், 1974ஆம் ஆண்டின் மாவட்ட ஒதுக்கீட்டு முறையும் யாழ்ப்பாண மாணவரின் வாய்ப்பை மேலும் சுருக்கின. ஒரு புள்ளி குறைந்ததால் வாழ்வின் திசையே மாறியோர் எம்மிடையே இன்றும் உள்ளனர். அத்தகைய நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவதுதான் பெரும் போராட்டம். எடுபட்டவர் பட்டத்துடன் வெளிவருவார் என்பது அநேகமாக உறுதியாகக் கொள்ளப்பட்டது.

நோர்வேயின் நிலை வேறு. 1811இல் நிறுவப்பட்ட ஒஸ்லோப் பல்கலைக்கழகமும், 2018இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஒஸ்லோமெட்டும், நாடெங்கும் உள்ள ஏனைய அரச உயர்கல்வி நிலையங்களும் இந்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை. மருத்துவம், உளவியல், சட்டம் போன்ற சில துறைகளை விட்டால், பெரும்பாலான துறைகளின் வாசல் அகலமானது. ஆனால் வாசல் அகலமாக உள்ள இடத்தில் வழி நீளமானதாகவும் பல கிளைகள் கொண்டதாகவும் இருக்கும். எப்பாடத்தை எப்பருவத்தில் எடுப்பது, எதை விட்டால் எது தடைப்படும், எப்போது பெயர் பதிவது, எப்போது விலகுவது என்பன எல்லாவற்றையும் மாணவரே தீர்மானிக்க வேண்டும். இங்கே இடறுவோர் பெரும்பாலும் வாசலில் இடறுவதில்லை. உள்ளே சென்ற பின்னர், எவரும் காணாத இடத்தில் இடறுகிறார்கள்.

பதினெட்டு வயதில் மூடும் கதவு

பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டிய இன்னுமொரு வேறுபாடு உண்டு. உயர்நிலைப் பாடசாலை வரை, பிள்ளை பதினெட்டு வயதை அடையும் மட்டும், எமக்கும் பாடசாலைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. பெற்றோர் கூட்டம் நடந்தது. தொடர்பாசிரியருடன் அமர்ந்து பேச நேரம் தரப்பட்டது. பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் செய்தி வீட்டுக்கு வந்தது. பதினெட்டு வயது நிறைந்த நாளுடன் அந்தக் கதவு மூடுகிறது. பல்கலைக்கழக ஊழியர் இரகசியம் காக்கும் கடமைக்கு உட்பட்டவர்கள். மகளின் பெறுபேறு என்ன, மகன் பரீட்சைக்குத் தோற்றினானா என்று தாயோ தந்தையோ தொலைபேசியிற் கேட்டாலும், மாணவரின் சம்மதமின்றி அவர்கள் விடை கூறமாட்டார்கள்.

ஆகவே, பல்கலைக்கழகத்தில் எம் பிள்ளைக்கு நேர்வதை நாம் அறிய எஞ்சியிருக்கும் ஒரே வழி அப்பிள்ளையின் வாய்ச்சொல்தான். தோல்வியை வீட்டில் சொல்ல இயலாது என்று பிள்ளை நினைக்குமானால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். வெஸ்ட்லியில் பெற்றோருடன் வாழும் ஒரு பிள்ளை நாள்தோறும் காலையில் சுரங்கத் தொடருந்தேறிப் பிளின்டர்னுக்குச் செல்கிறது. முதற் பருவத்தில் கணிதப் பாடம் தவறுகிறது. வீட்டில் "பரவாயில்லை, நன்றாகச் செய்தேன்" என்று கூறிவிடுகிறது. இரண்டாம் பருவத்துப் பாடங்கள் முதற் பருவத்துப் பாடங்களின் மேல் கட்டப்பட்டவை ஆதலால் விரிவுரை விளங்குவதில்லை. பிள்ளை விரிவுரைக்குச் செல்வதைக் குறைத்து நூலகத்தில் அமர்கிறது. பின்னர் நூலகத்துக்கும் செல்லாது நகரில் பொழுதைக் கழிக்கிறது. காலையில் பையுடன் வெளியேறுவதும் மாலையில் திரும்புவதும் மட்டும் மாறுவதில்லை. மூன்றாம் ஆண்டில் உறவினர் பட்டமளிப்பு எப்போதென்று வினவத் தொடங்கும்போது, அப்பிள்ளை சுமந்து திரிவது ஒரு பாடத்தின் தோல்வியை அன்று, மூன்றாண்டுப் பொய்யின் பாரத்தையாகும். அதன் முடிவு கல்வி இழப்புடன் நின்றால் நாம் நற்பேறு பெற்றோர் என்றே சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு நோர்வே நாடளாவிய மாணவர் நல ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு மாணவர் கடுமையான உளத் துன்பத்தின் அறிகுறிகளைத் தெரிவித்திருந்தனர். எம் பிள்ளைகளும் அந்த மாணவர் கூட்டத்தினுள்ளேயே இருக்கிறார்கள்.

இந்த எடுத்துக்காட்டில் முதலாவது தை மாதத்தில், ஒரேயொரு பாடம் தவறிய வேளையில், அரைமணி நேர உரையாடல் ஒன்று நிகழ்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவ்வுரையாடலுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

யார் யார் இருக்கிறார்கள்?

முதலாவதாகக் கற்கை ஆலோசகர். நோர்வேஜிய மொழியில் 'ஸ்தூடியவைலடர்' எனப்படும் இவர் பாடம் கற்பிப்பவர் அல்லர், பாதை காட்டுபவர். ஒரு பாடம் தவறினால் திட்டத்தை எவ்வாறு மாற்றியமைப்பது, பருவமொன்றில் பாடச் சுமையைக் குறைக்கலாமா, நோயினாலோ வேறு தக்க காரணத்தாலோ விடுப்புப் பெறலாமா, வேறு கற்கைநெறிக்கு மாறினால் முன்பு பெற்ற புள்ளிகள் அங்கு ஏற்கப்படுமா என்பன இவரிடம் கேட்க வேண்டியவை. 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உயர்கல்வித் தரச் சீர்திருத்தம், மாணவரை நெருக்கமாகத் தொடர்ந்து வழிநடத்தும் பொறுப்பைக் கல்வி நிலையங்கள் மீது வைத்தது. ஆதலால் ஆலோசகரை நாடுவது எவரிடமும் சலுகை கேட்பதாகாது.

இரண்டாவதாக எழுத்துத் துணை. ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டம் பயில்வோர் எத்துறையைச் சேர்ந்தவராயினும் 10 புள்ளிகள் கொண்ட மெய்யியல் அறிமுகப் பாடத்தைக் கற்க வேண்டும். கணிதத்திலும் பௌதிகத்திலும் தேர்ந்த எம் பிள்ளைகள் பலர் அங்கேதான் முதன்முதலில் நீண்ட வாதக் கட்டுரை எழுதத் திணறுகிறார்கள். பிளின்டர்னில் யோர்க் ஸ்வேட்ருப் இல்லம் எனப்படும் நூலகக் கட்டடத்தில், கட்டுரையைக் கொண்டு சென்று அமர்ந்து பேசி அதனைச் சீர்செய்ய உதவும் எழுத்து நிலையம் உண்டு. நல்ல கட்டுரை எழுதுவோரே அங்கு அதிகம் செல்கிறார்கள் என்றால் வியப்பதற்கில்லை. கேட்டுத் திருத்துவோரே நன்றாக எழுதுவோர் ஆகிறார்கள்.

மூன்றாவதாகச் சிறப்பு ஏற்பாடு. எழுத்துக்களை வாசிப்பதில் இடர்ப்படுவோர், நீண்டகால நோயுள்ளோர், உடற்குறையோ உளநோயோ உள்ளோர் ஆகியோருக்குப் பரீட்சையில் மேலதிக நேரம், தனியறை முதலான ஏற்பாடுகளைப் பெறும் உரிமையைச் சட்டம் அளிக்கிறது. மருத்துவச் சான்றுடன் பருவத்தின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தல் வேண்டும். "என் பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை" என்று மூடிவைக்கும் குடும்பங்களில் இவ்வுரிமை பயன்படாமலே போகிறது.

நான்காவதாக மாணவர் நலன்புரி நிறுவனம். ஒஸ்லோவில் எஸ்.ஐ.ஓ. என்ற பெயரில் அறியப்படும் இந்நிறுவனம் 1939ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. விடுதியும் உணவகமும் மட்டும் அதன் பணிகள் அல்ல. உளநல ஆலோசனையும் மருத்துவ சேவையும் அதன் பணிகளில் அடங்கும். பருவக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு மாணவரும் அதன் உரிமைப் பயனாளர் ஆவார். அதாவது, எம் பிள்ளைகள் ஏற்கெனவே அதற்குப் பணம் செலுத்திவிட்டார்கள்.

ஐந்தாவதாக மாணவர் குறைகேள் அலுவலர். ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் 2013இல் இப்பதவி ஏற்படுத்தப்பட்டது. அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதும் மாணவர் தம் உரிமையை அறிய இவரை நாடலாம். இவர் எத்தரப்பையும் சாராதவர். சொல்வதை இரகசியமாகக் காப்பவர்.

நாட்கள் தவறினால்

இச்சேவைகள் காலத்தோடு நாடினால்தான் முழுப் பயனும் தரும். ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தின் பரீட்சையைப் பொதுவாக மூன்று தடவைகள் மட்டுமே எழுதலாம். ஆயத்தமில்லை என உணரும் மாணவர் பரீட்சைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே விலகிக்கொண்டால் அது கணக்கில் வராது. அறிவிக்காமல் வீட்டிலிருந்துவிட்டால், தக்க காரணம் இல்லாதவிடத்து, ஒரு தடவை வீணாகிவிடும். பெறுபேறு ஏன் இவ்வாறு அமைந்தது என்ற விளக்கத்தை ஒரு வாரத்துக்குள் கேட்கலாம்; மூன்று வாரங்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீட்டில் புள்ளி கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்பதால், முதலில் விளக்கம் கேட்டு ஆலோசகருடனும் பேசிய பின் முடிவெடுப்பதே அறிவுடைமை.

பணத்துக்கும் இது பொருந்தும். அரச கல்விக் கடன் நிதியமான லோனகாசன் வழங்கும் உதவி முதலில் கடனாகவே தரப்படுகிறது. பெற்றோரை விட்டுப் புறம்பாக வாழும் மாணவருக்கு அதில் 40 வீதம் வரை நன்கொடையாக மாறலாம்; பாடங்களில் சித்தியடைவதும் பட்டத்தை நிறைவு செய்வதும் அதற்கான நிபந்தனைகள். பெற்றோருடன் வாழும் மாணவருக்கு அவ்வாறு மாறுவதில்லை, முழுத்தொகையும் கடனே. முழுநேரக் கல்வியின் ஓராண்டுச் சுமை 60 புள்ளிகள். அந்த அளவுக்கு மேல் பின்தங்கினால் உதவி நிறுத்தப்படலாம். நோயினால் பின்தங்கினோருக்குத் தனி விதிகள் உண்டு. ஆனால் அவற்றைப் பெற உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவரின் துணையுமின்றி அறிந்து வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

ஏன் எம்மவர் நாடுவதில்லை?

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது எம் முன்னோர் வாக்கு. நோர்வேயின் உயர்கல்வி முறைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. இங்கே உதவி நிறைய உண்டு. ஆனால் அது தேடி வராது, கேட்பவருக்கே கிட்டும். ஆலோசகர் ஒருவர் பெருந்தொகையான மாணவருக்குப் பொறுப்பாக இருப்பதால், மௌனமாக விலகிச் செல்லும் ஒருவரை அவர் கண்டுகொள்வது அரிது. சிறுவயது முதல் "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளை இயல்பாகவே கதவைத் தட்டுகிறது. "பிறரிடம் போய் நிற்காதே, நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை கதவின் முன் நின்று திரும்பிவிடுகிறது.

சிலர் எம்மை மறுத்துரைக்கலாம். "நாம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், குண்டுகளுக்கு நடுவே பரீட்சை எழுதினோம். எந்த ஆலோசகர் இருந்தார்?" என்பார்கள். அவர்களின் உழைப்பை வணங்குகிறோம். ஆயினும் அவர்களுக்கு ஆலோசகர் இருக்கவில்லை என்பதை நாம் ஏற்கமாட்டோம். எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று சொல்லிய பாடசாலை அதிபர், மாலை வேளையில் அழைத்துக் கணக்கைத் திரும்பச் சொல்லித் தந்த தனியார் கல்வி நிலைய ஆசிரியர், பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்து தன் குறிப்புகளைக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், மேசையும் விளக்கும் தந்த மாமா ஆகிய அனைவரும் ஆலோசகர்களே. பதவிப் பெயர் மட்டுந்தான் இருக்கவில்லை. நோர்வேக்கு நாம் வந்த வரலாறும் வழிகாட்டலின் வரலாறே. 1956இல் இந்நாட்டுக்கு வந்த அன்ரனி இராஜேந்திரமும் அவரைப் பின்பற்றி வந்தோரும், பின்னர் வந்தோருக்கு வழி சொல்லாதிருந்திருந்தால் இன்று இவ்விழா மண்டபத்தில் இத்தனை பேர் கூடியிருக்க மாட்டோம்.

ஊரில் அண்ணனும் மாமாவும் செய்த பணியை இங்கே பல பெற்றோரால் செய்ய இயலாது. பிளின்டர்னின் விதிகள் பிறநாட்டில் படித்தோருக்குப் புதியவை. துப்புரவுப் பணியிலும் முதியோர் இல்லத்திலும் இரவுபகலாக உழைத்துப் பிள்ளையை வளர்த்த தாய்க்கு நோர்வேஜியக் கட்டுரையைத் திருத்தத் தெரியாதிருப்பது குறையன்று. அவ்விடத்தை நிரப்பவே ஆலோசகர் அமர்த்தப்பட்டிருக்கிறார்.

"ஆலோசகர் பிள்ளையின் மனத்தை மாற்றி, மருத்துவத்தை விட்டு வேறெதற்கோ அனுப்பிவிடுவார்" என்ற அச்சமும் சிலரிடம் உண்டு. ஆலோசகர் முடிவெடுப்பதில்லை, உள்ள வழிகளைக் காட்டுகிறார். முடிவு மாணவருடையது. மேலும், நெறி மாறுவது இந்நாட்டில் அவமானமன்று. ஏப்ரல் 15ஆம் நாள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. புதிய விண்ணப்பத்துக்கான வாசல் ஒவ்வோர் ஆண்டும் திறக்கிறது. தனக்குப் பொருந்தாத துறையில் ஐந்தாண்டு தேய்வதிலும் ஓராண்டில் உணர்ந்து மாறுவது சிக்கனமானது. தரப்படுத்தல் எம்மிடமிருந்து பறித்த இருக்கையை எம் பிள்ளையைக் கொண்டே மீட்க வேண்டும் என்ற ஏக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டிய கடன் எம் பிள்ளைகளுக்கு இல்லை.

செய்யக்கூடியவை

எமது தமிழ்ப் பள்ளியை மையமாகக் கொண்டு சிலவற்றை எளிதாகத் தொடங்கலாம் என்பது எம் கருத்து. ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில், விண்ணப்ப இறுதி நாளுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை மாலை உயர்வகுப்பு மாணவரையும் பெற்றோரையும் ஒன்றாக அமர்த்தி, இப்பள்ளியில் பயின்று இப்போது பல்கலைக்கழகத்தில் கற்கும் பழைய மாணவரைப் பேசச் செய்யலாம். அவர்கள் தம் வெற்றிகளை மட்டுமன்றித் தவறிய பாடத்தையும், மாறிய துறையையும், நாடிய ஆலோசகரையும் பற்றிப் பேச வேண்டும். மேடையில் ஒருவர் துணிந்து சொன்னால், மண்டபத்தில் மௌனமாக இருக்கும் பத்துப் பேர் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள்.

அடுத்து, பல்கலைக்கழகம் செல்லும் ஒவ்வொரு புதிய மாணவருக்கும் பழைய மாணவர் ஒருவரை முதலாண்டு வழித்துணையாக அமைக்கலாம். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசினாலே போதும். ஆலோசகரின் கதவு வரை உடன் நடந்து செல்வதே அத்துணையின் பெரும்பணியாக அமையும்.

மூன்றாவது, பெற்றோரின் கேள்வியை மாற்றுவது. "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன்னர் "எது கடினமாக இருக்கிறது? யாரிடம் கேட்டாய்?" என்று கேட்போம். ஓகஸ்ட் மாதப் புதுமுக வாரத்தில் மதுவிருந்துகள் உண்டு என்பதற்காகப் பிள்ளையை முழுவதுமாகத் தடுத்துவிடாது, மதுவற்ற நிகழ்வுகளும் உண்டு என்பதை அறிந்து அவற்றுக்குச் செல்ல ஊக்குவிப்போம். அங்கே கிடைக்கும் அறிமுகங்களிலிருந்துதான் சேர்ந்து படிக்கும் சிறு குழுக்கள் உருவாகின்றன. அக்குழுவில் இடம்பெறாத பிள்ளை ஆண்டு முழுதும் தனியே படிக்க நேர்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெற்றோரின் வியர்வையை நீங்கள் அறிவீர்கள். அதனாலேயே தோல்வியைச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்பதை நாமும் அறிவோம். ஆனால் மறைப்பதால் அவர்களின் உழைப்புக்கு மதிப்பளித்தவர் ஆகமாட்டீர்கள். ஒரு பாடம் தவறுவது கற்றலின் ஒரு பகுதி. அதற்கு மருந்து உண்டு. முதற் பருவத்தின் முதல் மாதத்திலேயே, எல்லாம் நன்றாக நடக்கும்போதே, உங்கள் கற்கை ஆலோசகரின் பெயரையும் அறையையும் அறிந்து வைத்து ஒருமுறை சென்று பேசுங்கள். நலமாய் இருக்கையில் அறிமுகமான கதவை நலம் குன்றிய வேளையில் தட்டுவது எளிது.

வாசலைக் கடந்த பிள்ளைக்கு நாம் கைதட்டினோம், அது நன்று. அடுத்த தை மாதத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் செல்லும்போது, பெறுபேற்றைக் கேளாமல், "எப்படி இருக்கிறாய், தம்பி? எப்படி இருக்கிறாய், தங்கச்சி?" என்று கேட்டு, வரும் விடையைப் பொறுமையுடன் கேட்போமாக.